முதலில் தம்பி, அப்புறம் ஆராய்ச்சி

கேள்வி: மேடம், எங்கள் வீடு ஏற்காட்டுக்கு மேலே ஒரு மலைக் கிராமத்தில். அப்பா காபி எஸ்டேட்டில் வேலை செய்கிறார். நான் சேலத்தில் எம்.பி.பி.எஸ். முடித்து இப்போது ஹவுஸ் சர்ஜன். தம்பிக்கு 19 வயது, ஒன்பது வயதிலிருந்து ஃபிட்ஸ். வயிற்றிலிருந்து ஏதோ மேலே ஏறுகிறது என்பான், அப்புறம் வாயை மென்றுகொண்டே சட்டைப் பொத்தானைத் தடவிக்கொண்டிருப்பான், கூப்பிட்டால் திரும்ப மாட்டான். இரண்டு வயதில் காய்ச்சலோடு ரொம்ப நேரம் ஃபிட்ஸ் வந்து, ராத்திரி எஸ்டேட் ஜீப்பில் மலையிறக்கியதாக அம்மா சொல்வார். இரண்டு விதமான மாத்திரையை ஒரு வேளை விடாமல் சாப்பிட்டும் மாதம் இரண்டு முறை வருகிறது. சி.டி. ஸ்கேன் நார்மல் என்றார்கள். அவனைப் பார்த்துத்தான் நரம்பியல் படித்து வலிப்பு நோயில் ஆராய்ச்சி செய்ய வேண்டும் என்ற ஆசை வந்தது. வீட்டில், "ஆராய்ச்சி எல்லாம் வெளிநாட்டுக்காரங்க வேலை, நீ முடிக்கறதுக்குள்ள வயசாயிடும், தோல் டாக்டருக்குப் படி" என்கிறார்கள். சேலத்தில் இருந்துகொண்டு இதைச் செய்ய முடியுமா? தம்பிக்கு வேறு வழி உண்டா?

- ஒரு பயிற்சி மருத்துவர், ஏற்காடு

பதில்: கண்ணு, கடைசி வரியில் கேட்டதற்கு முதலில் பதில் சொல்கிறேன். உன் படிப்புக்கு இன்னும் எட்டு பத்து வருடம் இருக்கிறது, தம்பி அவ்வளவு நாள் காத்திருக்கக் கூடாது.

பொருத்தமான இரண்டு மருந்துகளைச் சரியான அளவில் ஒழுங்காகச் சாப்பிட்டும் வலிப்பு நிற்கவில்லை என்றால் அதை மருந்துக்கு அடங்காத வலிப்பு என்கிறோம். 2010-ல் உலக அளவில் ஏற்றுக்கொண்ட வரையறை அது, ஏதோ ஒரு எண் வேண்டுமே என்று இரண்டு என வைத்துவிடவில்லை. கிளாஸ்கோவில் பாட்ரிக் குவான், மார்ட்டின் பிராடி என்ற இருவர் 525 நோயாளிகளை வருடக்கணக்கில் தொடர்ந்து பார்த்து 2000-ல் எழுதினார்கள். அதுவரை மருந்தே சாப்பிடாதவர்களில் 47 சதவீதம் பேருக்கு முதல் மருந்திலேயே வலிப்பு நின்றது, இரண்டாவதில் இன்னொரு 13 சதவீதம் பேருக்கு, மூன்றாவதைத் தனியாகக் கொடுத்துப் பார்த்தபோது வெறும் ஒரு சதவீதம். இந்தக் கணக்கு தெரிந்த பிறகும் நான்காவது மாத்திரை, ஐந்தாவது மாத்திரை என்று மாற்றி மாற்றி எழுதிக்கொண்டு ஒரு பையனின் இருபதுகளைக் கரைப்பது எனக்குச் சம்மதமில்லை. மூன்றாவது மருந்து கொடுக்கக் கூடாது என்று சொல்லவில்லை. கொடுக்கும்போதே வேறு வழி இருக்கிறதா என்று தேடவும் ஆரம்பித்துவிட வேண்டும்.

கடிதத்தை வைத்து நோயை உறுதி செய்ய முடியாது. ஆனால் நீ எழுதியதிலேயே முக்கியமான வரி அம்மா சொன்னதுதான். சின்ன வயதில் காய்ச்சலோடு நீண்ட நேரம் நின்ற வலிப்பு, சில வருட இடைவெளி, அப்புறம் வயிற்றிலிருந்து ஏறும் உணர்வு, வாய் மெல்லுவது, பொத்தானைத் தடவுவது. இதைக் கேட்ட எந்த நரம்பியல் மருத்துவருக்கும் நெற்றிப்பொட்டுப் பக்கம் இருக்கும் டெம்போரல் மடல் என்ற மூளைப் பகுதியும் அதன் உள்ளே இருக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற சின்னப் பகுதியும்தான் நினைவுக்கு வரும். அது சுருங்கித் தழும்பாகியிருந்தால் சி.டி.யில் பெரும்பாலும் தெரியாது, அதனால் சி.டி. நார்மல் என்ற சீட்டை வைத்து யாரும் நிம்மதியாகிவிட வேண்டாம். வலிப்புக்கென்றே மெல்லிய துண்டுகளாக எடுக்கும் எம்.ஆர்.ஐ. வேண்டும், அதைப் படிப்பவருக்கு எதைத் தேட வேண்டும் என்று எழுதிக் கொடுக்கவும் வேண்டும். அடுத்தது வீடியோ இ.இ.ஜி., அதாவது ஆஸ்பத்திரியில் நாள்கணக்கில் படுக்கவைத்து, வலிப்பு வரும் அந்த நேரத்தில் மூளையின் மின் அலை எங்கிருந்து கிளம்புகிறது என்று படத்தோடு சேர்த்துப் பதிவு செய்வது.

இரண்டும் ஒரே இடத்தைக் காட்டினால் அறுவை சிகிச்சை பற்றிப் பேசலாம். மூளையில் கத்தி வைப்பதா என்று அம்மா பயப்படுவார், பயப்படாத அம்மா யாரையும் நான் பார்த்ததில்லை. அவரிடம் இதைச் சொல். கனடாவில் சாமுவேல் வீப் என்ற நரம்பியல் மருத்துவரும் கூட வேலை பார்த்தவர்களும் இந்த வகை வலிப்பு உள்ள 80 பேரைச் சீட்டுக் குலுக்கிப் போடுவது போலப் பாதிப்பாதியாகப் பிரித்து, ஒரு பாதிக்கு அறுவை சிகிச்சை, மறு பாதிக்கு மருந்து மட்டும் என்று பார்த்தார்கள். ஒரு வருடம் கழித்து, நினைவு தப்பும் வலிப்பு இல்லாமல் இருந்தவர்கள் அறுவை சிகிச்சைப் பக்கம் 58 சதவீதம், மருந்துப் பக்கம் 8 சதவீதம். 2001-ல் வந்த முடிவு இது. அதற்கு ஆறு வருடம் முன்பே, 1995-ல், திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரை மருத்துவ நிறுவனத்தில் டாக்டர் ராதாகிருஷ்ணன் குழுவினர் இந்த அறுவை சிகிச்சையை ஆரம்பித்துவிட்டார்கள். அதற்கும் முன்னால் போனால், மாண்ட்ரியாலில் வலிப்பு அறுவை சிகிச்சையின் முன்னோடியான வைல்டர் பென்ஃபீல்டிடம் படித்து வந்த ஜேக்கப் சாண்டி 1949-ல் வேலூர் சி.எம்.சி.யில் நரம்பு அறுவை சிகிச்சைத் துறையைத் தொடங்கினார், 1952-லேயே அங்கே வலிப்புக்காக மூளை அறுவை சிகிச்சை நடந்தது. சேலத்திலிருந்து வேலூர் எவ்வளவு தூரம் சொல், விடியற்காலை பஸ் ஏறினால் மதியத்துக்குள் போய்விடலாம்.

அதுவரைக்கும் அவன் தனியாகக் கிணற்றுப் பக்கம் போக வேண்டாம், பைக்கில் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்க வேண்டாம், சில்வர் ஓக் மரத்தில் ஏணி போட்டு மிளகு பறிக்கிற வேலைக்கு எஸ்டேட்டில் யார் கூப்பிட்டாலும் போகவே வேண்டாம். வலிப்பு வந்து விழுந்தால் ஒருக்களித்துப் படுக்கவைத்து மணியைப் பாருங்கள். கையில் சாவிக்கொத்து திணிப்பது, வாயில் துணி வைப்பது எதுவும் வேண்டாம். வெட்டி வெட்டி இழுப்பது ஐந்து நிமிடம் தாண்டினால் வண்டி எடுக்க வேண்டியதுதான். மாத்திரையை மட்டும் யார் சொன்னாலும் திடீரென்று நிறுத்தாதீர்கள்.

சரி, இனி உன் விஷயம்.

ஆராய்ச்சி வெளிநாட்டுக்காரர்கள் வேலை என்று உன் வீட்டில் நினைப்பதில் ஆச்சரியமில்லை. பரிசோதனைக்கூடம், வெள்ளை எலி, கோடிக்கணக்கில் பணம் என்றுதான் எல்லோர் மனதிலும் படம் இருக்கிறது, நானும் உன் வயதில் அப்படித்தான் நினைத்திருந்தேன். என் நினைப்பை மாற்றியது ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண். நான் நரம்பியல் முடித்துவிட்டு வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. வாரம் ஒரு முறை ஃபிட்ஸ் என்றாள், டோஸை ஏற்றினேன். அடுத்த மாதமும் வாரம் ஒரு முறை, இன்னும் ஏற்றினேன். நடக்கும்போதே தள்ளாட ஆரம்பித்துவிட்டாள், வலிப்பு மட்டும் குறையவில்லை. மூன்றாவது முறை கூட வந்த மாமியார் கதவோரம் நின்றபடியே, "வெள்ளிக்கிழமை மட்டும்தானுங்க வருது" என்றார். வெள்ளிக்கிழமை என்ன செய்வாள் என்று கேட்டேன். தலைக்கு எண்ணெய் வைத்து, விறகடுப்பில் காய்ச்சிய தண்ணீரைச் சொம்பு சொம்பாக உச்சியில் ஊற்றிக் குளிப்பாள்.

வெந்நீர் வலிப்பு என்று ஒன்று இருப்பது எனக்குப் பாடத்தில் தெரியும். அதை மற்ற நாடுகளைவிடத் தென்னிந்தியாவில், குறிப்பாக மைசூர், பெங்களூர்ப் பக்கம்தான் அதிகமாகப் பார்த்திருக்கிறார்கள். பெங்களூரில் டாக்டர் கே.எஸ். மணியும், பிற்பாடு அங்கேயே நிம்ஹான்ஸ் என்ற மனநல, நரம்பியல் நிறுவனத்தில் டாக்டர் சதீஷ்சந்திராவும்தான் அதை விரிவாக எழுதினார்கள். படித்திருந்தேன், கேட்கத் தோன்றவில்லை. அவளுக்குத் தண்ணீரின் சூட்டைக் குறைத்து, தலைக்கு ஊற்றும் நாளில் மட்டும் குளிப்பதற்கு முன்னால் ஒரு குளோபசாம் மாத்திரை என்று மாற்றினோம். வலிப்பு நின்றது. இரண்டு மாதம் அவளைத் தள்ளாடவிட்டது என் தவறு. இன்றைக்கு நினைத்தாலும் உறுத்துகிறது.

கண்ணு, உனக்கு நான் சொல்ல நினைப்பது இந்தக் கதையில்தான் இருக்கிறது. வலிப்பு ஆராய்ச்சியின் கேள்விகள் ஓ.பி.யில்தான் பிறக்கின்றன, அதுவும் பெரும்பாலும் நோயாளியோடு கூட வந்தவர் வாயிலிருந்து, ஏனென்றால் நோயாளிக்கு அந்த நேரம் நினைவில் இருக்காது. கேள்வியை எப்படி அளப்பது, எப்படி நிரூபிப்பது என்பதைத்தான் பெரிய நிறுவனத்துக்குப் போய்க் கற்றுக்கொள்ள வேண்டும்.

மருந்துகளின் சரித்திரத்தைப் பார்த்தாலும் இப்படித்தான் இருக்கிறது. பீனோபார்பிட்டோன் இன்றைக்கும் கொடுக்கிறோம் இல்லையா, அது தூக்க மருந்தாக வந்தது. 1912-ல் ஆல்ஃபிரட் ஹாப்ட்மன் என்ற இளம் ஜெர்மன் டாக்டர், ராத்திரி தூங்கட்டும் என்று வலிப்பு நோயாளிகளுக்குக் கொடுத்தார், பகலிலும் வலிப்பு குறைவதைக் கவனித்து எழுதினார். வால்புரோயேட் என்ற இன்னொரு வலிப்பு மருந்தின் கதை இன்னும் அழகு. எண்பது வருடமாக அதை வெறும் கரைப்பானாகத்தான் வைத்திருந்தார்கள். பிரான்சில் கிரெனோபிள் நகரத்தில் 1960-களின் தொடக்கத்தில் பியர் எய்மார் என்ற ஆய்வு மாணவர் வேறு ஏதோ மருந்துகளை அதில் கரைத்துக் கொடுத்துச் சோதித்தபோது, எதைக் கரைத்தாலும் வலிப்பு நிற்கிறது. எல்லா மருந்துமே வேலை செய்கிறது என்று சந்தோஷப்பட்டுப் போகாமல், அப்படியானால் வேலை செய்வது கரைத்த தண்ணியா என்று சந்தேகப்பட்டார்களே, அந்தச் சந்தேகம்தான் ஆராய்ச்சி. அந்த மருந்து எத்தனையோ லட்சம் பேருக்கு வாழ்க்கை கொடுத்தது. பல வருடம் கழித்து, கர்ப்பத்தில் அதைச் சாப்பிட்ட தாய்மார்களின் பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்த இன்னொரு கூட்டம் ஆராய்ச்சியாளர்கள், 2009-ல், மூன்று வயதில் அந்தப் பிள்ளைகளின் அறிவுத்திறன் அளவெண் லாமோட்ரிஜின் என்ற வேறு வலிப்பு மருந்து சாப்பிட்ட தாய்மார்களின் பிள்ளைகளைவிடச் சராசரியாக 9 புள்ளி குறைவு என்று காட்டினார்கள். நம் பக்கத்தில் 1998-லேயே டாக்டர் சஞ்சீவ் தாமஸ் கேரளத்தில் வலிப்புள்ள கர்ப்பிணிகளுக்கென்று ஒரு பதிவேடு ஆரம்பித்துவிட்டார். பதிவேடு என்றால் என்ன? ஒவ்வொரு பெண்ணாகப் பெயர் எழுதி, என்ன மாத்திரை, எத்தனை மில்லிகிராம், குழந்தை எப்படிப் பிறந்தது, எப்படி வளர்கிறது என்று சலிக்காமல் வருடக்கணக்கில் எழுதுவது. இன்றைக்குக் கல்யாண வயதுப் பெண்ணுக்கு வால்புரோயேட் எழுதும் முன் நான் பேனாவை நிறுத்தி யோசிக்கிறேன் என்றால் அப்படி எழுதியவர்களால்தான்.

வேலூரில் நடந்ததையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். நம் ஊர்களில் ஃபிட்ஸ் வந்து சி.டி. எடுத்தால் பலருக்கு மூளையில் சின்னதாக ஒரு வளையம் தெரியும். காசநோய்க் கட்டி என்று முடிவு கட்டி மாதக்கணக்கில் டி.பி. மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தோம், கட்டி மறைந்துவிட்டால் மருந்து வேலை செய்தது என்று நம்பினோம். சாண்டி, ராஜசேகர் ஆகிய வேலூர் நரம்பு அறுவை சிகிச்சை நிபுணர்கள் அதை எடுத்துச் சோதித்துப் பார்த்து, பெரும்பாலும் அது பன்றி நாடாப்புழுவின் இளம்பருவம், அதில் பலதும் தானாகவே மறைந்துவிடும் என்று 1989-லிருந்து எழுதினார்கள் (இந்தச் சாண்டி மேத்யூ சாண்டி, மேலே சொன்ன ஜேக்கப் சாண்டியின் மகன்). எத்தனை பேர் தேவையில்லாமல் டி.பி. மாத்திரை விழுங்குவதிலிருந்து தப்பித்தார்கள் என்று யோசி. பிற்பாடு வேலூர் மாவட்டத்தில் ஊர் ஊராகப் போய்ப் பார்த்தபோது, வலிப்பு உள்ளவர்களில் சுமார் மூன்றில் ஒருவருக்கு இந்தப் புழுதான் காரணம் என்று தெரிந்தது. பன்றிக்கறியே தொடாதவர்களுக்கும் வரும், புழுவின் முட்டை அசுத்தமான கை வழியாக, தண்ணீர் வழியாக, கழுவாத காய்கறி வழியாக வருகிறது. ஒரு வலிப்பு மருத்துவர் கழிப்பறையைப் பற்றிப் பேச வேண்டியிருப்பது இதனால்தான்.

இப்போது உன் மலைக்கு வா. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி உலகத்தில் சுமார் 5 கோடிப் பேருக்கு வலிப்பு நோய் இருக்கிறது, சரியாகக் கண்டுபிடித்து மருந்து கொடுத்தால் 70 சதவீதம் பேர் வரை வலிப்பே இல்லாமல் வாழலாம், ஆனால் ஏழை நாடுகளில் நான்கில் மூன்று பேருக்கு அந்த மருந்து போய்ச் சேருவதில்லை. மாத்திரையின் விலை பெரிதில்லை. சத்தியமங்கலம் தாண்டி திம்பம் ஏறி அந்தப் பக்கம் போனால் கர்நாடகத்தில் யளந்தூர் இருக்கிறது, அங்கே நான் சொன்ன அதே டாக்டர் மணியின் குழு வெறும் பீனோபார்பிட்டோன், பெனிட்டாயின் என்ற இரண்டு பழைய மலிவு மருந்துகளை வைத்தே கிராமத்தில் வலிப்பைக் கட்டுப்படுத்த முடியும் என்று காட்டியது, 2001-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. மருந்து இருக்கிறது, மக்கள் ஏன் நிறுத்துகிறார்கள்? அந்த வெள்ளிக்கிழமைப் பெண்ணுக்குப் பிறகு நான் ஒரு நோட்டு வைத்து இதைத்தான், அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே எழுத ஆரம்பித்தேன். கீழே இறங்கி வர பஸ் செலவோடு ஒரு நாள் கூலியும் போகிறது. ஆறு மாதம் வரவில்லை, குணமாகிவிட்டது என்று நினைத்தேன். புகுந்த வீட்டில் தெரியக் கூடாது, மாத்திரையை எங்கே ஒளித்து வைப்பது. (இந்து திருமணச் சட்டத்தில் வலிப்பைக் காரணம் காட்டும் வாசகத்தை 1999-லேயே நீக்கிவிட்டார்கள், அது தெரியாமல் பயந்தே வாழ்கிற பெண்கள் இன்னமும் இருக்கிறார்கள்.) விரதம் இருந்தேன், வெறும் வயிற்றில் வேண்டாமென்று விட்டுவிட்டேன். சேர்வராயன் கோயிலில் மந்திரித்துக் கட்டியிருக்கிறது, அது போதும் என்றார்கள். கோயிலுக்கும் போகட்டும், மாத்திரையும் சாப்பிடட்டும், இரண்டுக்கும் சண்டையில்லை என்று சொன்னால் முக்கால்வாசிப் பேர் கேட்கிறார்கள்.

உனக்கு ஒரு கேள்வி தரட்டுமா? மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் 2021-லிருந்து சர்க்கரை மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் வீட்டுக்கே போகின்றன. வலிப்பு மாத்திரையும் அதே பையில் மலைக்கு ஏறினால் எத்தனை பேர் நிறுத்தாமல் சாப்பிடுவார்கள், எத்தனை பேருக்கு வலிப்பு நிற்கும்? இதை ஒழுங்காக அளந்து சொல்ல உனக்குப் பரிசோதனைக்கூடம் வேண்டாம், ஊர்ப் பெயர்கள் தெரிந்த, அந்த வீடுகளில் உட்கார்ந்து காபி குடிக்க முடிந்த ஒரு ஆள் வேண்டும். இன்னொன்றும் இருக்கிறது. ஏற்காட்டுக் கடைகளில் நீலகிரித் தைலம் விற்கிறார்களே, அதை மோந்தால் சிலருக்கு வலிப்பு வரலாம் என்று பெங்களூர் நரம்பியல் மருத்துவர்கள் சமீப வருடங்களில் எழுதியிருக்கிறார்கள், கற்பூரத்துக்கும் அந்தக் குணம் உண்டு. தம்பிக்குச் சளி பிடித்தால் என்ன தடவுகிறீர்கள் என்று வீட்டில் கேட்டுப் பார்.

பாதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பொது மருத்துவம் அல்லது குழந்தை மருத்துவத்தில் எம்.டி. மூன்று வருடம், டி.எம். நரம்பியல் மூன்று வருடம், அதற்குப் பிறகு வலிப்புக்கென்று தனிப் பயிற்சி ஒரு வருடமாவது, ஸ்ரீசித்திரை, நிம்ஹான்ஸ் போன்ற இடத்தில். நடுவில் நுழைவுத் தேர்வுக்குப் போகும் வருடத்தையும் சேர்த்தால் முப்பத்திரண்டு, முப்பத்து மூன்று ஆகிவிடும், வீட்டில் சொல்லும் அந்தக் கணக்கு ரொம்பத் தப்பில்லை. பணம் தோல் டாக்டருக்கு வருகிற வேகத்தில் வராது. எம்.டி.யில் ஆய்வுக் கட்டுரை எழுத வேண்டுமே, அதைப் பழைய சீனியருடையதை மாற்றி எழுதிக் கொடுத்துத் தள்ளிவிடாதே, அங்கேயே வலிப்பில் ஒரு சின்னக் கேள்வியை எடு. புள்ளியியலை யாரிடமாவது உட்கார்ந்து கற்றுக்கொள், நான் அதைத் தாமதமாகக் கற்றதில் என் நோட்டில் இருந்த பல விஷயங்கள் அச்சுக்குப் போகாமலே போய்விட்டன. எல்லா நோயாளியிடமும் ஒரே கேள்வியை ஒரே மாதிரி கேட்டிருந்தால்தானே எண்ண முடியும், நான் ஒருவரிடம் கேட்டதை இன்னொருவரிடம் கேட்காமல் விட்டிருந்தேன். வெளிநாட்டுக்குப் போக வாய்ப்பு வந்தால் போய்விட்டு வா, வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். பெண் என்பதற்காக யாராவது தடுத்தால், வலிப்பு உள்ள பெண்கள் ஆண் டாக்டரிடம் வாய் திறந்து சொல்லாத விஷயங்கள், மாதவிலக்கோடு சேர்ந்து வரும் வலிப்பு, கர்ப்பம், மாமியார் வீடு, எல்லாவற்றையும் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள் என்று நான் சொன்னதாகச் சொல்.

ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்கிறேன், தம்பியை உன் முதல் ஆராய்ச்சியாக ஆக்கிக்கொள்ளாதே. அவனுக்கு நீ அக்காவாகவே இரு, மருந்து முடிவுகளை வேறு ஒருவர் எடுக்கட்டும்.

இந்த மாதத்துக்குள் அவனைச் சேலத்துக்குக் கூட்டிக்கொண்டு வா. பழைய சீட்டுகள், மாத்திரை அட்டைகள், அந்த சி.டி. படம், காப்பீட்டு அட்டை எல்லாம் ஒரு பையில் இருக்கட்டும். அதற்குள் ஒரு தடவை வந்தால் பதறாமல் போனில் வீடியோ எடுத்து வை, எந்தக் கை முதலில் தடவுகிறது, எந்தக் கை விறைத்து நிற்கிறது, தெளிந்ததும் பேச்சு வர எத்தனை நேரமாகிறது என்று தெரிய வேண்டும். அம்மாவையும் கட்டாயம் அழைத்து வா. அந்த ஜீப்பில் ராத்திரி முழுக்க அவனை மடியில் வைத்திருந்தவர் அவர்தானே, எந்தப் பக்கம் இழுத்தது, மலையடிவாரம் வரும்வரை நிற்கவே இல்லையா என்று அவரிடம்தான் கேட்க வேண்டும்.